புரட்டாசியில் தேறிய கோழிகள்

13 ஜூலை, ஞாயிறு

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எத்தனையோ வீடுகளில் நோய் இருக்கிறது, எல்லாரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டா இருக்கிறார்கள்? மன்னிக்க வேண்டும். எனக்கு வாயால் சொல்ல வராது. அதனால்தான்.

அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கி ஆறு மாதம். நான் படிப்பு முடித்து எங்கள் ஊர் லூபோக் சீனாவுக்குத் திரும்பிய அதே மாதம். வாரம் மூன்று முறை நான்தான் காரில் கூட்டிப் போகிறேன். நேற்று சென்டரில் நர்ஸ் ராகினி அக்கா ரத்த ரிப்போர்ட்டைக் காட்டினார். புரதம் போதவில்லை, சதை கரைகிறது.

"முன்ன கறியக் குறைங்கன்னு சொன்னது வேற, அங்கிள். இப்ப மெஷின் புரதத்தையும் சேத்து இழுத்துடுது. நல்லா சாப்பிடணும் லா."

அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் கடைக் கோழியைத் தள்ளி வைத்துவிட்டார். ஊசி போட்ட கோழியாம். மீன் வாடைக்குக் குமட்டுகிறது. முட்டையில் பாதிதான் இறங்குகிறது. வீட்டில் வளர்த்த கோழி என்றால் சாப்பிடுவார், அவரே சொன்னார்.

இன்று இருபது கம்போங் கோழிக்குஞ்சு, நாட்டுக்கோழிதான், வாங்கி வந்தேன்.

27 ஜூலை

அம்மா வழக்கமாகப் போடுவது மிச்சச் சோறும் தேங்காய்ச் சக்கையும். அதைத் தின்று கோழி நடமாடும், சதை பிடிக்காது. நான் கடையில் விற்கும் டெடாக் தவிட்டோடு சோயாவைக் கலக்கிறேன். பச்சையாகப் போடக் கூடாது, வறுத்து இடித்துத்தான். தங்கா பத்து கடற்கரையில் வலையிலிருந்து கழிக்கிற பொடிமீனை வாங்கி வந்து, உப்புப் போடாமல் காயவைத்துத் தூளாக்கினேன். குஞ்சுப் பருவத்தில்தான் புரதம் அதிகம் வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சின்னத்தம்பி மாமா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அம்மாவைக் கேட்டார்.

"என்னா மீனம்மா, மக பட்டம் வாங்குனது கோழிக்குச் சமைக்கவா?"

"ஆமாண்ணே. உங்க கோழி பட்டினியா கெடந்தா அனுப்பி வைங்க."

நான் உள்ளே போய்விட்டேன். மாமா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. படித்தது கால்நடைத் தீவனம்தான். இன்டர்வியூவில் பேச்சு வரவில்லை, வேலையும் வரவில்லை.

16 ஆகஸ்ட்

கோழிகளுக்குக் கழிச்சல். கூட்டுத் தரை ஈரம், நெடியில் கண் எரிகிறது. அவசரப்பட்டு மீன் தூளை அள்ளிப் போட்டுவிட்டேன். குறைத்தேன்.

அப்பா மெதுவாக நடந்து வந்து கூட்டைப் பிடித்தபடி நின்றார். "அதுக்கும் டயட்டு, எனக்கும் டயட்டு. ஆனா அது உன் பேச்சக் கேக்குது."

சிரித்தேன். அவர் பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார்.

7 செப்டம்பர்

இன்று முதல் மீன் தூள் கிடையாது, சோயா மட்டும். இல்லையென்றால் கறியில் மீன் வாடை அடிக்கும், அப்பா தொடமாட்டார். கழிச்சல் எப்போதோ நின்றுவிட்டது. தொடை திரண்டு வருகிறது.

21 செப்டம்பர், ஞாயிறு

தேறிவிட்டன. பெரிய சேவலைப் பிடித்துக் கட்டிவிட்டு அம்மாவிடம் கத்தி கேட்டேன்.

"புரட்டாசி பொறந்துருச்சேம்மா."

அப்பாவுக்குச் சனிக்கிழமை மட்டும்தானே விரதம், இன்று ஞாயிறு என்றேன். அம்மா என்னையே பார்த்தாள்.

"உனக்குத் தெரியாதா, கலை? நீ யுனிவர்சிட்டி போன வருஷம் பெருமாளுக்கு நேர்ந்துகிட்டாரு. புள்ள பட்டம் வாங்கணும், உசுரு உள்ளவரைக்கும் புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொட மாட்டேன்னு."

முட்டை? முட்டையும்தான்.

ஒவ்வொரு புரட்டாசியிலும் நான் ஹாஸ்டலில் இருந்தேன். அம்மா எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறாள். நானோ இங்கிலீஷ் காலண்டரில் வாரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். குஞ்சு வாங்கிய அன்றே, இவை தேறுவது புரட்டாசியில் வந்து விழும் என்று யோசித்திருக்க வேண்டாமா? தமிழ்ப் பிள்ளைதானே நான்?

சேவலை அவிழ்த்துவிட்டேன்.

4 அக்டோபர், சனி

சோயாக் கட்டி டவ்ஹு பொரித்து வைத்தேன். இரண்டு வாய், அவ்வளவுதான். பருப்பும் அப்படியே. ராகினி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ பேசு. நீ சொன்னா கேப்பாரு," என்றார்.

எனக்காக விட்டதை விட்டுவிடுங்கள் என்று நானே எப்படிச் சொல்வேன்? பட்டம் கைக்கு வந்தாயிற்று, இனி உங்கள் வாக்கு எதற்கு என்பது போல இருக்காதா?

சாயந்திரம் நாற்காலி பக்கத்தில் போய் நின்றேன். அப்பா என்றேன்.

"என்னாம்மா?"

"இன்னிக்கு நீங்க குடிச்ச தண்ணி அளவு தாண்டிருச்சுப்பா."

இதைத்தானா சொல்ல வந்தேன்? சீ.

11 அக்டோபர்

அப்பா வார்டில். காய்ச்சல், டயாலிசிஸ் குழாய் வழியாகக் கிருமி ஏறிவிட்டதாம். எதிர்த்து நிற்க உடம்பில் தெம்பில்லை என்றார் டாக்டர். சாப்பிட்டிருந்தால் தெம்பு இருந்திருக்குமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அப்பா கண்ணைத் திறந்து கோழி எவ்வளவு கனம் என்றார். பெரிசு ரெண்டு கிலோ தாண்டிருச்சுப்பா என்றேன். அவருக்குச் சந்தோஷம்.

"ஐப்பசி பொறக்கட்டும். உன் கையால சூப்பு வை."

15 அக்டோபர்

விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

20 அக்டோபர்

தீபாவளி. வரிசை வீடு முழுக்க வெடி. கோழிகள் மிரண்டு ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தீவனம் வைத்தேன். எதற்கு அளந்து வைக்கிறேன்? நிறுத்தவும் கை வரவில்லை.

31 அக்டோபர்

நேற்று கருமாதி முடிந்தது. இன்று துக்கம் கழிக்கக் கறி ஆக்க வேண்டும். கடையில் வாங்கலாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். அம்மா கூட்டைக் காட்டிவிட்டாள். அறுத்தது சின்னத்தம்பி மாமா. சமைத்தது நான். அப்பா படத்துக்கு முன்னால் வாழையிலையில் முதலில் வைத்தோம். பிறகு எல்லாருக்கும். மெத்தென்று இருக்கிறது, நல்ல கறி என்றார்கள். நானும் ஒரு துண்டு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

எல்லாரும் போன பிறகு பார்த்தால் அம்மா வெறும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அப்பாவோட நேர்த்தி அந்தரத்துல நிக்கக் கூடாது. இனிமே நான் எடுத்துக்கறேன். ஒரு மாசம் இல்ல, மொத்தமா விட்டுடறேன். உனக்கு ஒரு நல்ல வேலை கெடைக்கணும்."

அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். வளையல் இல்லாமல் எவ்வளவு மெலிந்திருக்கிறது. அப்பாவிடம் வராத வார்த்தை இவளிடமாவது வர வேண்டும். தட்டை எடுத்துக் கறி வைத்து அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"எனக்காக இனிமே யாரும் எதையும் விட வேணாம்மா. சாப்பிடுங்க."