உலக்கை யார் சொல்லைக் கேட்க வேண்டும்

பிப்ரவரி 11, செவ்வாய்

குமாசியிலிருந்து டமாலே போகும் காலை ஆறு மணி பஸ் நாற்பது நிமிடம் தாமதம். பயணிகள் என் டிக்கெட் கவுண்டரைத்தான் திட்டினார்கள். அது பழகிவிட்டது. பழகாதது அதற்குப் பிறகு வந்தது. மேனேஜர் டுஃபுவோர் சார் கூப்பிட்டு, கம்பெனி சார்பில் நான்கு பேர் தொலைக்காட்சியில் சமைக்கப் போகிறோம் என்றார். ‘எட்டு அடுப்பு’ போட்டி. அலுவலகத்துக்கு ஓர் அணி, தோற்றால் வெளியே. தலைவர் யார் என்று நான் கேட்கவேயில்லை. வெந்நீர் வைக்கக்கூட மனைவியைக் கூப்பிடுகிற மனிதர், வேறு யார்?

மற்ற மூவர்: நான், எனக்குக் கீழே கவுண்டரில் இருக்கும் அராபா, ஓட்டுநர் இட்ரிசு அண்ணன்.

டெச்சிமானில் புது பஸ் நிலையம் திறக்கிறார்கள். பொறுப்பாளர் பெயரை சார்தான் எழுதி அனுப்ப வேண்டும். “யாரு லாயக்குன்னு அடுப்படியில தெரிஞ்சிரும் மான்சா” என்றார். பதினோரு வருடம் கவுண்டரில் தெரியாதது அடுப்படியில் தெரியுமாம்! ஆனாலும் போகிறேன். எனக்கு டெச்சிமான் வேண்டும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இங்கே எழுதுகிறேன்: வேண்டும்.

பிப்ரவரி 15, சனி

முதல் சுற்று. கீரைக் குழம்பு, கருவாடு போட்டு. கருவாடே உப்பு. சார் நடுவில் நின்று “உப்பு!” என்று கத்தினார். யாரிடம் சொன்னார்? எல்லாரிடமும். நான் போட்டேன், அராபா போட்டாள், அவரும் ஒரு கை அள்ளிப் போட்டார். நடுவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். பக்கத்து அணி சோற்றைக் கரிய விட்டதால் தப்பித்தோம்.

கேமரா முன்னால் சார் சொன்னது: “நாங்க எல்லாரும் ஒரே குடும்பம்.”

“அதான் ஆளுக்கு ஒரு தடவ உப்பு போட்டோம்” என்றார் இட்ரிசு அண்ணன், என் காதருகில். சிரிப்பை அடக்க வாயில் துணியை வைத்துக்கொண்டேன்.

ஒரு வேலைக்கு ஒரு கைதான் பொறுப்பு. இதைக் கற்றுக்கொள்ள தொலைக்காட்சிக்குப் போக வேண்டுமா?

பிப்ரவரி 19, புதன்

நான்கு பேருக்கும் ஒரே நிறத்தில் மேலங்கி தைத்து வந்திருக்கிறது. சாருடையதில் மட்டும் பெயர்.

பிப்ரவரி 22, சனி

எழுதாமல் இருக்க முடியவில்லை.

அராபாவின் இரண்டு விரல்கள். வலது கை. ஆள்காட்டி, நடுவிரல்.

இரண்டாம் சுற்று ஃபூஃபூ. அவித்த மரவள்ளியையும் வாழைக்காயையும் உரலில் இடித்துச் செய்யும் களி. இட்ரிசு அண்ணன் வெட்டி அவித்துக் கொடுத்தார். நான் ஆட்டுக்கறிக் குழம்பு. சார் உலக்கையைப் பிடித்துக்கொண்டார். அராபா உரல் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பினாள்.

இந்த ஊரில் எந்த வீட்டிலும் சட்டம் ஒன்றுதான். நின்று இடிக்கிறவன் வேலைக்காரன். உட்கார்ந்து உரலுக்குள் கைவிட்டு மாவைத் திருப்புகிறவள்தான் எஜமானி. அவள் கை வெளியே வந்தால்தான் உலக்கை இறங்க வேண்டும். அவள் ‘ம்’ என்றால் அந்தரத்தில் நிற்க வேண்டும். தகப்பனே இடித்தாலும் மகள் சொல்வதுதான் தாளம். குமாசியில் பிறந்த எவனுக்கு இது தெரியாது? அந்த ஆளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எண்ணினார். “ஒண்ணு! ரெண்டு! வேகம் அராபா, வேகம்!” அவள் தண்ணீர் தொடக் கையை எடுப்பதற்குள் அடுத்த இடி. சம்பளம் போடுகிற மனிதரிடம் அத்தனை விளக்குகளுக்கு நடுவே ‘ம்’ என்று எப்படிச் சொல்வாள்? சொல்லவில்லை.

சத்தம் எனக்குக் கேட்டது. அதை எழுத மாட்டேன்.

அவளை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிய பிறகு அந்த மனிதர் கேமராவிடம் பேசினார். “பொண்ணு இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பா இருந்திருக்கணும். உரல்ல தலையக் குடுத்துட்டு உலக்கைக்குப் பயந்தா ஆகுமா?”

அடப்பாவி! கொடுத்தது யார், இடித்தது யார்?

பிப்ரவரி 23, ஞாயிறு

எலும்பு விரிசல். ஆறு வாரம் கட்டு. போட்டியிலிருந்து நாங்கள் வெளியே.

அராபா வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா முறைப்படி தண்ணீர் கொடுத்து, குடித்த பிறகே வந்த சேதி கேட்டார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அராபா எனக்கு வணக்கம் சொன்னாள். அப்புறம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். என்மேல் ஏன் கோபம்? நான் என்ன செய்தேன்? எனக்கு முதுகுப் பக்கம் நடந்தது. நான் குழம்பைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 26, புதன்

ஏன் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

சரி, எழுதித் தொலைக்கிறேன். ஒத்திகையில் உரலடியில் உட்கார்ந்தது நான். எங்கள் நால்வரில் நன்றாகத் திருப்பத் தெரிந்தவளும் நான். ஆனால் கேமரா நிற்கிறவர்களின் உயரத்தில் இருந்தது. உட்கார்ந்தால் என் தலைத்துணி மட்டும்தான் தெரியும். அன்று காலை, “நீ உக்காரு அராபா, எனக்கு முட்டி வலிக்குது” என்றேன்.

என் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை.

மார்ச் 6, வியாழன்

சுதந்திர தின விடுமுறை. மதியம் எங்கள் இரண்டாம் சுற்று ஒளிபரப்பானது. பக்கத்து வீட்டாரெல்லாம் என் வீட்டில் கூடிவிட்டார்கள். துரத்தவா முடியும்?

விபத்தை வெட்டிவிட்டார்கள். அதற்கு முந்தைய ஒரு நிமிடம் இருந்தது. நான் கரண்டியும் கையுமாக இளித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பின்னால் அராபா. சார் வேகம் வேகம் என்கிறார். அவள் தலையைத் திருப்பிப் பார்க்கிறாள். அவரை அல்ல, என்னை. இரண்டு தடவை பார்க்கிறாள். நான் குழம்பை ருசி பார்த்துத் தலையாட்டுகிறேன்.

“நீ டிவியில நல்லா இருக்கே மான்சா” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எழுந்து உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 10, திங்கள்

நிலையத்தின் மேல்மாடியில் கூட்டம். ‘அடுப்படி கற்றுத்தரும் நிர்வாகப் பாடங்கள்’. நடத்தியவர் டுஃபுவோர் சாரேதான். வெட்கம் என்பது கடையில் விற்றால் வாங்கிக் கொடுத்திருப்பேன். திரையில் பாடம் பாடமாக வந்தது. நான்காவது: தலைவரின் தாளத்துக்கு அணியின் கைகள் பழக வேண்டும். கடைசி வரிசையில் கட்டுப் போட்ட கையோடு அராபா உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துக்கு எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும் என்று வரவழைத்திருந்தார்களாம்.

“மான்சா, நீங்க அங்க இருந்தீங்க. ரெண்டு வார்த்தை சொல்லுங்க” என்றார். டெச்சிமான் பட்டியல் இந்த மாதம்தான் போகிறது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எழுந்தேன். கோபம் வந்தது, நல்ல வேளை.

“நாலாவது பாடம் பொய் சார். உலக்கைதான் கை சொல்றதக் கேக்கணும். அடிபடப்போறது எந்தக் கையோ அந்தக் கைதான் தாளம் சொல்லணும். நிறுத்துன்னு சொல்ல அவளுக்குப் பயம். அந்தப் பயத்த வெச்சது நீங்க. நானுந்தான். அங்க உக்காந்திருக்க வேண்டியவ நான். என் மூஞ்சி டிவியில தெரியணும்னு முட்டி வலின்னு பொய் சொல்லி அவள உக்கார வெச்சேன்.”

இட்ரிசு அண்ணன் மட்டும், “அது சரி” என்றார், சத்தமாகவே.

“நன்றி. டீ வந்திருச்சு” என்றார் சார்.

திரும்பிப் பார்த்தேன். அராபா படியிறங்கிக்கொண்டிருந்தாள். சமாதானமானாளா, இன்னும் காய்கிறாளா, தெரியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

டெச்சிமானுக்குத் தன் மனைவியின் தம்பியை எழுதி அனுப்பியிருக்கிறார். அவன் அடுப்படிப் பக்கமே வரவில்லை. பதினோரு வருடம்! பல்லைக் கடித்துக்கொண்டு நாள் முழுக்க முத்திரை குத்தினேன். மேசை ஆடியது.

ஏப்ரல் 7, திங்கள்

அராபா வேலைக்கு வந்தாள். “காலை வணக்கம், மேடம்.” அவ்வளவுதான். முன்பெல்லாம் அக்கா. கட்டுப் பிரித்த விரல்கள் இன்னும் மடங்கவில்லை. இடது கையால் எழுதினாள். பயணியிடம் சீட்டை நீட்டும்போது மட்டும் வலது கை, மிச்ச விரல்களால். இடது கையால் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? கண் எரிந்தது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பத்து மணிக்கு வரிசை வாசல்வரை நின்றது. பத்தரை மணி சுன்யானி வண்டிக்கு நான் வேகவேகமாகக் குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“நிறுத்துங்க.”

அராபாதான். அவ்வளவு பயணிகள் முன்னால். என்னிடம்.

சுள்ளென்று ஏறியது. யாரிடம் பேசுகிறாய் என்று கேட்க வாய் திறந்தும்விட்டேன். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. முத்திரையைக் கீழே வைத்தேன்.

“பத்தரை வண்டிய ஒர்க்ஷாப்புக்கு எடுத்துட்டாங்க. பலகையப் பாருங்க. ஒம்பது பேருக்கு ஓடாத வண்டிக்கு டிக்கெட் குடுத்திருக்கீங்க.”

பார்த்தேன். ஒன்பதுதான்.

“நான் போய் அவங்கள நிறுத்தறேன்” என்றேன்.

“வேணாம். நான் இங்க வரிசைய நிறுத்தி வெச்சுக்கறேன், இட்ரிசு அண்ணன் போகட்டும். நீங்க பன்னெண்டு மணி வண்டில இடம் இருக்கான்னு கேளுங்க, அக்கா.”

போனை எடுத்துக் கேட்டேன். இடம் இருந்தது.