கதவில் ஒட்டிய இரண்டு எழுத்துகள்

செவ்வாய், இரவு. துபாய்.

நான் வேலை செய்யும் சீனக்காரர் வீட்டில் சார் தினமும் காலையில் தூரிகை எடுத்து, கூடத்தில் மாட்டியிருக்கும் பழைய சீனக் கையெழுத்தின் நகலைப் பார்த்து எழுதுவார். போரில் செத்த அண்ணன் மகனுக்காக ஒருவர் எழுதிய இரங்கலாம். ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழையது. அதில் உள்ள அடித்தல் திருத்தலைக்கூட சார் விடமாட்டார். "துக்கம் அந்த அடித்தலில்தான் இருக்கிறது" என்பார். மை வற்றியும் தோய்க்காமல் இழுத்த கோடுகளை எனக்குக் காட்டியிருக்கிறார். சீனம் படிக்கத் தெரியாது. ஆனால் பார்த்துப் பார்த்து எல்லாக் கோடும் மனப்பாடம்.

இன்று மேசை துடைக்கும்போது பார்த்தேன். செத்தவன் பெயர் என்று சார் முன்பு காட்டிய இடத்தில் மட்டும் வேறு இரண்டு எழுத்துகள். சார் தன் மகன் பெயரைச் சிவப்புத் தாளில் எழுதி அவன் அறைக் கதவில் ஒட்டிய அதே எழுத்துகள். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான்.

டிரைவர் செல்வத்திடம் சொன்னேன். "சும்மா இருங்கக்கா, உங்களுக்குப் படிக்கவா தெரியும்?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இன்னைக்கு விடியக்காலைல சார் போன் பேசிக்கிட்டே கீழ வந்தாரு. வண்டில உக்காந்தாரு. எங்க போகணும்னே சொல்லல. அப்புறம் மேல போயிட்டாரு."

சாயங்காலம் சார் காலையில் எழுதிய தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அப்போதுதான் மேடம் சமையலறைக்குள் வந்தார். வெள்ளிக்கிழமை மகன் வருகிறானாம், மீன் வாங்க வேண்டுமாம். இவ்வளவு பெரிசு என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

சரி மேடம் என்றேன்.