ஜோடிப் பொருத்தத்தில் முதல் பரிசு

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

அம்பாசமுத்திரம் வங்கிக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து என் வாசற்படியில் கிடக்கும் நாயைப் பற்றி எழுதினேனே! ஒரு காது நிமிர்ந்து, மறுகாது தொங்கி, கீழ்ப்பல் துருத்திக்கொண்டிருக்கும். சர்ச் விழாவில் செல்லப்பிராணிப் போட்டி என்றார்கள். 'கோமாளி மூஞ்சி' பரிசுக்கு அதன் பெயரைக் கொடுத்தேன். கிடைக்கவில்லை. ஆனால் 'நாயும் வளர்ப்பவரும் ஒரே சாயல்' பரிசுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள்! நடுவர் பெர்லின் டீச்சர் மைக்கில் சொன்னார்:

"மூஞ்சிய விடுங்க. இங்க வந்ததுலேருந்து ரெண்டு பேரும் யாரோ வருவாங்கன்னு வாசலயேல்லா பாத்துக்கிட்டு நிக்காங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. மூட்டுவலி குறைந்திருந்தால், கூரியரில் போடாமல் நீங்களே கொண்டுவாருங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் வரும்போது நாங்கள் வாசலில்தான் நிற்போம்.

உங்கள் சித்ரலேகா