சோத்தாங்கைப் பக்கம்

7.8.80, வியாழன்

பதினொரு வருடமாக மாலை ஐந்தரை மணிக்கு ஆலை மைதானத்துச் சிமெண்ட் பெஞ்சில் போய் ஏன் உட்காருகிறேன்? கடலை விற்கும் இருசம்மாள் இன்று நேராகவே கேட்டுவிட்டாள். உங்க வூட்டு ஆளு யாராச்சும் ஆடுறாங்களா டீச்சரம்மா என்றாள். இல்லை என்றேன். அப்புறம் எதுக்கு என்றாள். அரசுக் காலேஜில் ஒளிவிலகல் நடத்துகிறவள் கடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

ஆலையின் ஹாக்கி அணிக்கு மூன்று புதுப் பையன்கள் வந்திருக்கிறார்கள். மாஸ்கோவில் தங்கம் வாங்கி ஒன்பது நாள்தான் ஆகிறது. மைதானத்தைச் சுற்றி இவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. மூவருக்கும் ஒரு மாதம் சோதனை. செப்டம்பர் ஏழாம் தேதி பெரம்பலூர் அணியோடு ஆட்டம். அது முடிந்ததும் இரண்டு பேருக்கு அணியில் இடம், ஆலையில் வேலை. மூன்றாமவன் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

8.8.80

புதியவர்களுக்கு மதிப்பெண். (யாரும் கேட்கவில்லை.)

ஆரோக்கியசெல்வம், வரதராசன்பேட்டை. கோல்கீப்பர். உயரம், அகலம், பயமின்மை. பந்து நெஞ்சில் பட்டால் பந்துக்குத்தான் வலிக்கும் போலிருக்கிறது. 68. இவன் இடம் உறுதி.

சவரிமுத்து, திருமானூர்ப் பக்கம். முன்வரிசை. மட்டையைப் பிடித்திருக்கும் அழகே அழகு. அதைத் தானும் அறிந்திருக்கிறான். தலைமுடியை அடிக்கடி ஒதுக்குகிறான். 71.

மாயவன், செந்துறை. சவரிமுத்து ஆடும் அதே இடம்தான். நான்கு வருடம் செந்துறை பஸ்ஸில் கிளீனராக இருந்தானாம், இருசம்மாள் தகவல். அவனைப் போல ஓடுகிறவன் இந்த அணியில் இல்லை. ஆனால் பந்தை யாருக்கும் தருவதில்லை. 34. தேற மாட்டான்.

12.8.80

மழை. ஆட்டம் இல்லை. விடைத்தாள் திருத்தினேன். மைதானத்தில் நான் கொஞ்சம் தாராளம் என்று தோன்றுகிறது.

14.8.80

மாயவன்மேல் எல்லோருக்கும் கோபம். கேப்டன் நல்லதம்பி வலது ஓரத்தில் ஆடுகிறவன். ஆளில்லாமல் நின்றுகொண்டு “ரைட்! ரைட்!” என்று தொண்டை கிழியக் கத்துகிறான். மாயவன் காதில் விழுகிறது, தலை நிமிர்கிறது, உடனே பந்தோடு நேராக ஓடுகிறான். மூன்று பேர் சேர்ந்து பிடுங்கிக்கொள்கிறார்கள். பொட்டலம் மடித்தபடியே இருசம்மாள், பசி தெரிஞ்ச புள்ளை, கையில கெடைச்சத வுடாது என்றாள்.

வேடிக்கைக்கு எண்ணிப் பார்த்தேன். பதினான்கு முறை நல்லதம்பி கேட்டான். பதினான்கு முறையும் நேராக ஓட்டம்.

படுக்கப் போகும்போதும் அந்தக் கணக்கு உறுத்துகிறது. தன்னலக்காரன் என்றால்கூட இரண்டு மூன்று தடவை தவறிப்போயாவது கொடுத்திருப்பான். பதினான்குக்குப் பதினான்கு என்பது குணம் இல்லை. விதி. என்ன விதி?

24.8.80, ஞாயிறு

முதல் பூசை முடிந்து பெரம்பலூருக்குக் கல்யாணத்துக்குப் போனேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. பின்வாசலில் ஒரு கிளீனர் பொடியன் தொங்கிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏறியதும் பஸ்ஸின் முதுகில் இரண்டு தட்டு — “ரைட் ரைட்!” வண்டி நகர்ந்தது.

மூன்றாவது நிறுத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. நாமெல்லாம் ரைட் என்றால் போ என்றுதானே வைத்திருக்கிறோம்! அந்தச் சொல்லுக்கும் வலதுகைக்கும் நம் ஊரில் என்ன உறவு? நான்கு வருடம், ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தச் சொல்லைக் கத்தியவனிடம் நல்லதம்பி “ரைட்” என்றால் அவன் என்ன செய்வான்? போவான். நேராகப் போவான்!

சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்திலிருந்த அம்மாள் குழந்தையை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள்.

25.8.80

ஒரே ஒரு ஊகத்தை வைத்துக்கொண்டு துள்ளக் கூடாது. இன்று வேறொன்றைக் கவனித்தேன். கோலிலிருந்து ஆரோக்கியசெல்வம் தன் ஆட்களைப் பார்த்து “ஹோல்ட்!” என்றான், இடத்தை விடாதே என்ற பொருளில். மற்றவர்கள் மெதுவாக ஆடிக்கொண்டே நின்றார்கள். மாயவன் பிரேக் போட்டது போல அப்படியே நின்றான். ஒரு காலைக் கீழே வைக்கக்கூட இல்லை. பஸ்ஸில் வண்டியை நிறுத்தச் சொல்லும் சொல் அல்லவா அது!

நிரூபணம் ஆயிற்று. 34 என்பதை அடித்துவிட்டேன். புது மதிப்பெண் போடவில்லை. தவறு என் கேள்வித்தாளில்.

27.8.80

சொல்லவில்லை. மூன்று நாளாகச் சொல்லவில்லை. பதினொரு வருடத்தில் அணியில் யாரோடும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது போய் பஸ், கிளீனர் என்று ஆரம்பித்தால் என்ன நினைப்பார்கள்? நினைக்கட்டுமே — என்ன போய்விடும்? எனக்கு ஒன்றும் போகாது. போனால் அந்தப் பையனுக்குத்தான்.

நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

29.8.80

சொல்லிவிட்டேன். அணியின் மேனேஜர் செல்லப்பன் ஆலை டைம் ஆபீசில் குமாஸ்தா, வெற்றிலை போடுகிறவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். துப்பிவிட்டு வந்தார்.

“பஸ்சுக்கும் பந்துக்கும் முடிச்சுப் போடுறீங்களே டீச்சரம்மா” என்றார். நான் பதினான்கு கணக்கைச் சொன்னேன். ஹோல்ட் கதையைச் சொன்னேன். தலையைச் சொறிந்தார். சரி, இருக்கட்டும், இப்ப என்னங்க பண்றது, பத்துப் பேரு வாயை மாத்தறதா, ஒருத்தன் காதை மாத்தறதா என்றார். நியாயமான கேள்வி.

1.9.80, திங்கள்

செல்லப்பன் மாயவனை பெஞ்சுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. அவனுக்கும்தான். கிட்டத்தில் இன்னும் சின்னவனாகத் தெரிகிறான். பஸ்ஸில் இருந்தாயாமே என்று கேட்டதும் தலை தொங்கிவிட்டது. அதைச் சொல்லி மற்றவர்கள் கேலி செய்கிறார்கள் போல. ரைட் என்றால் வலது பக்கம் என்று தெரியாதா என்றேன். எப்படிக் கேட்டேன் பாருங்கள், வாய்மொழித் தேர்வு மாதிரி.

“தெரியுங்க மேடம். மண்டைக்குத் தெரியுது. காலு முந்திக்குது.”

பத்து நாளாக நான் சுற்றி வளைத்துத் தேடியதை ஒரு வரியில் முடித்துவிட்டான்.

பள்ளிக்கூடத்தில் ஆடும்போது என்ன சொல்லிக் கேட்பீர்கள் என்றேன். சொல்லக் கூச்சப்பட்டான். செல்லப்பன் அதட்டிய பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவர்கள் டிரில் மாஸ்டர் வலது, இடது என்பதே கிடையாதாம், சோத்தாங்கை, பீச்சாங்கைதானாம். ஆட்டத்தில் அவ்வளவு நீளமாகக் கத்த முடியாதே. அதனால் வலது பக்கம் கேட்டால் சுருக்கமாக —

“சோறு.”

செல்லப்பன் வெற்றிலையோடு சிரித்ததில் அவர் சட்டை கெட்டது.

3.9.80

நல்லதம்பி முடியாது என்கிறான். கேப்டன் அவன், ஆறு வருடமாக ஆடுகிறவன், மாமனார் ஊர் பெரம்பலூர். மாமனார் மச்சானெல்லாம் ஆட்டம் பார்க்க லாரி பிடித்து வருகிறார்களாம். “அவங்க முன்னாடி நின்னுகிட்டு நான் சோறு சோறுன்னு கத்தவாண்ணே? பொண்ணு குடுத்தவங்க என்ன நெனைப்பாங்க?” என்று செல்லப்பனிடம் கேட்டிருக்கிறான்.

இதற்குப் பதில் இயற்பியலில் இல்லை.

இன்றைய பயிற்சியில் “ரைட்” என்றுதான் கத்தினான். மாயவன் ஒன்பதில் இரண்டு முறை வலது பக்கம் கொடுத்தான், அதுவும் பந்து போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. மண்டை சொல்லி, கால் கேட்டு, மட்டை திரும்பி... சவரிமுத்து அந்த இடத்தில் அழகாக ஆடினான். முடியையும் ஒதுக்கினான்.

6.9.80, சனி

நாளைக்கு ஆட்டம். முதல் பாதியில் மாயவனை இறக்குவார்களாம். சரிப்படாவிட்டால் பிற்பாதியில் சவரிமுத்து. செல்லப்பன் சொன்னார். மாயவன் தகரப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டான் என்றும் சொன்னார்.

என்ன நடக்கும் என்று யாராவது கேட்டால் தோற்போம், மாயவன் ஊருக்குப் போவான் என்பேன். மனம் ஏன் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது?

7.9.80, ஞாயிறு

முறையாக எழுதுகிறேன்.

கூட்டம் பெஞ்சு வரை வந்துவிட்டது. இருசம்மாள் என் பக்கத்தில் கூடையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். பெரம்பலூர் லாரி எதிர்ப்பக்கம் நின்றது. மாமனார் வேட்டி வெளுப்பாக, முன்வரிசையில்.

முதல் பாதி மோசம். நல்லதம்பி ரைட், ரைட் என்றான். மாயவன் நேர், நேர் என்று போனான். பெரம்பலூர் ஒரு கோல் போட்டது; அதை ஆரோக்கியசெல்வம் இல்லை, யார் நின்றிருந்தாலும் பிடித்திருக்க முடியாது. இடைவேளையில் சவரிமுத்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு தயாரானான்.

நல்லதம்பி செல்லப்பனிடம் போய் ஏதோ பேசினான். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். “அஞ்சு நிமிஷம் அவனையே வுடுங்கண்ணே” என்றானாம். அவ்வளவுதான்.

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம். மாயவனிடம் பந்து. நல்லதம்பி வலது ஓரத்தில், மாமனாருக்குப் பத்தடி தூரத்தில். ஒரு கணம் லாரியைப் பார்த்தான்.

“சோறு!”

இப்படி ஒரு திருப்பத்தை நான் பார்த்ததில்லை. மாயவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. பந்து மட்டும் புல்லை உரசிக்கொண்டு நல்லதம்பியின் மட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. அவனுக்கே நம்பிக்கையில்லாமல் நின்றுவிட்டதால் அந்த முறை கோல் இல்லை. மறுபடியும் சோறு. மறுபடியும் பந்து. பெரம்பலூர் ஆட்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவன், இவனுங்களுக்கு மத்தியானம் ஒண்ணும் போடலையாடா என்று சத்தமாகவே கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் அவனைத் தாண்டிப் பந்து போய்விட்டது. நல்லதம்பி அடித்தான். கோல்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கக் கூட்டம் முழுக்கச் சோறு கேட்டது. மாமனாரே எழுந்து நின்று சிரித்தார். கடைசி நிமிடத்தில் இன்னொன்று. இரண்டுக்கு ஒன்று.

நான் கத்தவில்லை. கத்தினேன் என்று இருசம்மாள் சொல்கிறாள். அவளுக்குச் சாட்சி கிடையாது.

செல்லப்பன் பெயர் படித்தார்: ஆரோக்கியசெல்வம், மாயவன். சவரிமுத்துவை ஜனவரியில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். அவன் முகம் சிறுத்துப் போயிற்று. 71 போட்டவள் நான். அவனிடம் போய் உன் ஆட்டம் பார்க்க நன்றாக இருக்கிறது, கட்டாயம் வா என்றேன். வரேன் மேடம் என்றான்.

எல்லோரும் கலைந்த பிறகு மாயவன் பெஞ்சுக்கு வந்தான். வேலையில் சேர நன்னடத்தைச் சான்று வேண்டுமாம், பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர்களிடம் வாங்க வேண்டுமாம். அவனுக்கு அப்படி யாரையும் தெரியாதாம். அச்சடித்த பாரம் கொண்டுவந்திருந்தான். “இவரை நான் கடந்த ____ ஆண்டுகளாக அறிவேன்” என்று இருக்கிறது. மூன்று என்று போடுவதுதான் வழக்கம் என்று செல்லப்பன் சொல்லி அனுப்பியிருக்கிறார். நாளைக் காலை எட்டரைக்கு ஆபீஸ் வாசலில் நில், நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

8.9.80, திங்கள்

மாதா பிறந்தநாள் பூசைக்குப் போய்விட்டு எட்டரைக்கு ஆலை ஆபீசுக்குப் போனேன். மாயவன் தலையில் எண்ணெய் வைத்து வாரி, சட்டைக்கைப் பொத்தானெல்லாம் போட்டு நின்றான். “ஆண்டுகளாக” என்பதை அடித்துவிட்டு “முப்பத்திரண்டு நாட்களாக” என்று எழுதி, மதலேனம்மாள், எம்.எஸ்சி., இயற்பியல் துறை என்று பச்சை மையில் கையெழுத்திட்டேன். அங்கிருந்த வேறொரு குமாஸ்தா படித்துப் பார்த்து, மூணு வருஷம்னு போட்டுடலாமே மேடம், யாரும் கேக்கப் போறதில்லை என்றார். எனக்குத் தெரிந்தது முப்பத்திரண்டு நாள்தான், அந்த முப்பத்திரண்டு நாளுக்கு நான் பொறுப்பு என்றேன். அவர் உள்ளே கொண்டுபோய்க் காட்டினார். கால் மணி நேரம் கழித்து வந்து முத்திரை குத்தினார்.

ஒன்பது ஐந்துக்கு மாயவன் உள்ளே போனான். காலேஜில் என் முதல் வகுப்பு தவறிவிட்டது.