தெரியாத எண்

பிப்ரவரி 3, செவ்வாய்

சம்பளம் காலையில் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் போய்விட்டது. போகிற வழி அதற்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இந்த வாரம் எனக்கு ஸ்டேண்ட்பை. எங்கள் நிறுவனம் சின்னது. ஊரில் இருபது கட்டடங்களின் லிஃப்ட்டுகளைப் பார்த்துக்கொள்கிறோம். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டு, அங்கே ஒட்டியிருக்கும் எண்ணுக்கு அடித்தால், அந்த வாரம் யார் ஸ்டேண்ட்பையோ அவர் போனுக்கு நேராக வரும். அதற்குத் தனியாகப் படி உண்டு. அந்தப் படியை நம்பித்தான் இந்த வண்டியை வாங்கினேன். இப்போது அடுத்தவன் வாரத்தையும் கேட்டு வாங்கிச் செய்கிறேன், அப்படியும் தவணைக்குப் பற்றவில்லை.

காலையிலிருந்து தெரியாத எண்கள். ஒன்றையும் எடுக்கவில்லை. எல்லாக் கட்டடங்களின் காவலாளிகளையும் பெயரோடு பதிந்து வைத்திருக்கிறேன். லிஃப்ட் நின்றால் முதலில் அடிப்பது அவர்கள்தான். ஆகவே பெயர் இல்லாத எண் என்றால் கடன். எளிய தர்க்கம்.

பிப்ரவரி 5

இன்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். தள்ளிப்போட்டது போதும் என்று இல்லை, மழை பெய்தது, வெளியே போக முடியவில்லை.

ஒன்பது மாதச் சம்பளம். சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் ஒன்பது மாதம்.

வண்டி, வங்கிக் கடன். கார்டு. போனில் விரலால் தட்டினால் வரும் கடன் இரண்டு. இரண்டாவதை வாங்கியது முதலாவதை அடைக்க. எதற்கு வாங்கினேன்? யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை. யார் படிப்பும் நிற்கவில்லை. அப்படி ஏதாவது இருந்தால் சொல்லவாவது முகம் இருக்கும். வண்டி, போன், கடற்கரைக்கு ஒரு பயணம், இன்னொரு போன். அவ்வளவுதான். அக்காவுக்குத் துணி துவைக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்ததும் கார்டில்தான். அதை மட்டும் நல்ல செலவு என்று தனியாக வைத்துப் பார்த்தேன். வட்டி அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. மாமா, அக்காவின் கணவர், பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து அவருடையது. போட்ட அன்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பேனா எழுதுகிறதா என்று மட்டும் பார்த்தார்.

இன்று வாசலில் என் வண்டியைச் சுற்றி வந்து, கண்ணாடியில் தலை சீவிக்கொண்டு, “நம்ம வீட்டு வாசலுக்கே ஒரு களை வருதுடா” என்றார்.

சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அக்கா குழம்பில் உப்பு அதிகமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பாவம், உப்பு சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 11

வங்கியிலிருந்து செய்தி. இரண்டு தவணை தவறிவிட்டது. இருபத்தைந்தாம் தேதி மூன்றாவதும் தவறினால் ஜாமீன்தாரருக்குக் கடிதம் போகும், அவர் சம்பளத்தில் பிடிக்கலாம். கடிதம் வீட்டுக்குப் போகுமா, பள்ளிக்கூடத்துக்கா? பள்ளிக்கூடத்துக்குப் போனால் தலைமையாசிரியர் பிரிப்பார். மாமாவைக் கூப்பிடுவார். அவர் கையில் ஏதாவது கண்ணாடிக் குடுவை இருக்கும்.

வண்டியை விற்றால் என்ன? முடியாது. வண்டி இல்லாமல் ஸ்டேண்ட்பை எப்படிப் பார்ப்பது?

பிப்ரவரி 13

மூன்றாவதாக ஒரு போன் கடன். உடனே தருகிறானாம். பெயர், பிறந்த தேதி, படம், எல்லாம் கொடுத்துவிட்டேன். கடைசிப் பொத்தானுக்கு மேல் விரல்.

கதவு சரியாகப் பூட்டாவிட்டால் லிஃப்ட் நகராது. அதற்காகவே கதவில் ஒரு சர்க்யூட் உண்டு. அதை ஒரு துண்டு ஒயரால் குறுக்கே இணைத்துவிட்டால் கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடும். ஜம்பர் என்போம். சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போடலாம், போட்டவனே கழற்ற வேண்டும். கழற்றாமல் வீட்டுக்குப் போனவனை வேலையை விட்டு அனுப்புவார்கள், அனுப்பவும் வேண்டும். போன வருடம் ஒருவன் அப்படிச் செய்ததற்கு நானே கத்தினேன்.

இந்த ஒரு வருடமாக நான் போட்டுக்கொண்டிருப்பது என்ன? ஜம்பர்தான். பழுது அப்படியே இருக்கிறது, ஓடுகிறது என்ற பெயருக்கு ஓடுகிறது.

பொத்தானை அழுத்தவில்லை. அதற்காக என்னை நானே மெச்சிக்கொள்ளவும் இல்லை. இருபத்தைந்தாம் தேதி அப்படியேதான் இருக்கிறது.

பிப்ரவரி 16, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

காலையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தெரியாத எண். வெட்டினேன். மறுபடி. வெட்டினேன். திங்கட்கிழமை காலை என்றால் கடன்காரனுக்கு உற்சாகம் என்று நினைத்து, சத்தத்தை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, ஒரு கட்டடத்தில் மாதாந்திரச் சோதனைக்குப் போனேன்.

கடன் இல்லை. ஆற்றோரக் கட்டடத்தின் ஆறாம் மாடிப் பெண்மணி. ஆஸ்பத்திரி நர்ஸ், இரவு வேலை முடித்து வந்தவர், நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். அந்தக் கட்டடத்துக் காவலாளி விடுப்பில் போயிருக்கிறான். என் எளிய தர்க்கத்தில் காவலாளிக்கு விடுப்பே கிடையாதே.

கடைசியில் ஆபீசுக்கு யாரோ சொல்லி, ஆபீசிலிருந்து நான் இருந்த கட்டடத்துக் காவலாளிக்குச் சொல்லி, அவன் மூச்சிரைக்க மேலே ஏறி வந்து சொன்னான். போய்த் திறப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. கதவை விலக்கினால் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு. முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை, களைப்பு.

“ராத்திரி முழுக்க நின்னுட்டு வந்தேன் தம்பி. உட்கார நீங்கதான் இடம் கொடுத்தீங்க.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் விடவில்லை.

“இந்த நம்பர் உங்களோடதுதானே? ஏன் எடுக்கல?”

போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சிக்னல் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததோ வேறு. “கடன்காரங்கன்னு நெனச்சேன்.”

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். “நான் உங்களுக்கு எதுவும் கடன் கொடுக்கல. அடுத்த தடவை எடுங்க” என்று சொல்லிவிட்டு, மிச்சம் இருந்த மாடிகளைப் படியில் ஏறிப் போனார்.

அவருக்கு மூச்சுத்திணறல் இருந்திருந்தால்? உள்ளே ஒரு கைக்குழந்தை இருந்திருந்தால்? டேய், உனக்கு மூளை இருக்கா? இருக்குன்னுதானே சர்ட்டிபிகேட் கொடுத்தாங்க?

பிப்ரவரி 17

எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் ஃபியூஸ். சட்டென்று போய்விடுவார். இன்று போகவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

காரணம் கேட்டார். சொன்னேன். நர்ஸிடம் சொல்லிவிட்டபின் இவரிடம் மறைத்து என்ன? வேலையிலிருந்து தூக்கவில்லை. ஸ்டேண்ட்பையிலிருந்து தூக்கிவிட்டார். படி போச்சு.

“கடன் வாங்கினது உன் சொந்த விஷயம். போனை எடுக்காதது என் விஷயம். மூணு மாசம் கழிச்சு வா, பார்க்கலாம்.”

நியாயம்தான். நியாயம் என்று தெரிந்ததும் இன்னும் எரிச்சல்.

பிப்ரவரி 18

ஸ்டேண்ட்பை இல்லை. அப்படியென்றால் வண்டியும் தேவையில்லை. இவ்வளவு நாள் வண்டிக்குக் காரணம் ஸ்டேண்ட்பை, ஸ்டேண்ட்பைக்குக் காரணம் வண்டி. வட்டமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டுக்கு முன்பே சொன்னேன், இல்லாவிட்டால் மறுபடி உப்பில் போய் முடியும். மொத்தத் தொகை, யார் யாருக்கு, இருபத்தைந்தாம் தேதி கடிதம், எல்லாம். மாமா எழுந்து போய், ஓடாத மின்விசிறியின் சுவிட்சை இரண்டு தரம் போட்டுப் பார்த்தார். அக்கா முதலில் சிரித்தாள். ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். பிறகு வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள்.

“இரு. இந்த மெஷினுமா?”

தலையாட்டினேன்.

“பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேனேடா. தம்பி வாங்கிக் கொடுத்தான்னு.” மூக்கை உறிஞ்சினாள். “இனிமே அது சுத்துறப்பல்லாம் துணியா சுத்துது? உன் வட்டில்ல சுத்துது.”

ஒன்பது மாதச் சம்பளத்துக்கு அழாதவள் மெஷினுக்கு அழுதாள். எனக்குப் புரியவில்லை என்று எழுத வந்தேன். புரிகிறது.

கிளம்பும்போது மாமா வாசல் வரை வந்தார். சம்பளத்தில் பிடித்தால் பிடிக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன் என்பதுதான் பயம்.

“கையெழுத்து போட்டது நான். பேங்குக்கு நானும் வரேன். பேசறது நீ பேசு” என்றார். வண்டியைப் பார்க்கவே இல்லை.

பிப்ரவரி 24

வங்கி. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மாமா அரை நாள் விடுப்பு. கடன் பிரிவு அதிகாரி என் வயதுக்காரன். முன்பே வந்திருக்கலாமே என்றான். எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள், முன்பே வரக்கூடியவனாக இருந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்?

வண்டி வங்கியின் பெயரில் அடமானம், நானாக விற்க முடியாது. ஆனால் வாங்குகிறவர் பணத்தை நேரே கடன் கணக்கில் கட்டினால், மிச்சத்துக்கு நான் புதுத் தவணை எழுதிக் கொடுத்தால், அனுமதிக் கடிதம் தருவார்களாம். ஒரு மாதம் அவகாசம். அதுவரை ஜாமீன்தாரருக்குக் கடிதம் போகாது.

இவ்வளவுதானா? இந்த ஒரு பேச்சுக்கா நான் இரண்டு மாதம் தூங்கவில்லை?

வெளியே வந்து மாமா டீ வாங்கிக் கொடுத்தார். நான் காசு கொடுக்கப் போனேன். “நீ சும்மா இரு, பெரிய பணக்காரரு” என்றார். இரண்டு நாளாக அவர் சொன்னதிலேயே நல்ல வார்த்தை.

மார்ச் 12

வண்டி போயிற்று. வாங்கியவன் கண்ணாடியைத் திருப்பித் தலை சீவிக்கொண்டான். எல்லாருக்கும் அதே புத்தி. வண்டி போன பிறகும் கடனில் கால்வாசி நிற்கிறது. இல்லாத வண்டிக்குத் தவணை கட்டும் முதல் ஆள் நானாக இருக்க மாட்டேன்.

மார்ச் 13

பஸ். நின்றுகொண்டே.

மார்ச் 19

இன்றிலிருந்து எல்லா அழைப்பையும் எடுப்பது என்று முடிவு. முதலில் வந்தது போன் கடன் கம்பெனிப் பெண். “சொல்லுங்க” என்றேன். மறுமுனையில் தாளைப் புரட்டும் சத்தம். பிறகு, “சார்... நீங்களா எடுத்தீங்க?” பாவம், திட்டுவதற்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள், பேசுவதற்கு எழுதிக் கொடுக்கவில்லை போல.

மாதம் எவ்வளவு முடியும் என்று சொன்னேன். அது போதாது என்றாள். அதற்கு மேல் சொன்னால் பொய், பொய் வேண்டுமா என்றேன். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். சாயங்காலம் ஒத்துக்கொண்டார்கள். அபராத வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளினார்கள். முழுதும் தள்ளவில்லை.

வட்டி அதிகம் இருப்பதை முதலில் அடைப்பது. மற்றதற்கெல்லாம் குறைந்தபட்சம். கணக்கு சரி. மனசுதான் சின்னதை முதலில் முடி, ஒன்றாவது முடிந்தது என்று இருக்கட்டும் என்கிறது. மனசு சொன்னதைக் கேட்டுத்தான் கடற்கரைக்குப் போனேன்.

ஏப்ரல் 4

ஞாயிறுகளில் வீடுகளுக்குப் போய்த் துணி துவைக்கும் மெஷின்களைப் பழுது பார்க்கிறேன். ஆரம்பித்து வைத்தது அக்கா. முதலில் கூப்பிட்டது, அக்கா மெஷினைக் காட்டிய அதே பக்கத்து வீட்டுக்காரி. கூலியை அக்காவே வாங்கி வைத்துக்கொள்கிறாள். கேட்டால், “உன் கையில கொடுத்தா அது போனா மாறிடும்.”

கோபம் வந்தது. கடை வாசலில் புதுப் போனை நேற்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. கோபம் போய்விட்டது.

ஏப்ரல் 29

முடியவில்லை. காலையிலிருந்து எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். பஸ், வேலை, பஸ், அடுத்தவன் வீட்டு அழுக்குத் தண்ணீர். எத்தனை மாதம் இப்படி?

மே 20

முதல் போன் கடன் முடிந்தது. முடிந்ததற்கு ஒரு செய்தி அனுப்பினார்கள். அதன் அடியிலேயே, புதுக் கடன் வேண்டுமா என்று. அந்தச் செயலியை அழித்தேன். அதற்கு முன் ஒரு தரம் திறந்து பார்த்தேன், எழுதி வைக்கிறேன்.

ஃபியூஸிடம் போய் நின்றேன். மூணு மாசம் ஆயிற்று என்றேன். வண்டி இருக்கா என்றார். இல்லை என்றேன். மேசை இழுப்பறையிலிருந்து ஆபீஸ் பழைய வேனின் சாவியை எடுத்துத் தள்ளினார். “ஸ்டேண்ட்பை வாரம் மட்டும். ஊர் சுத்தப் போனே, தொலைஞ்சே.”

ஜூன் 7, ஞாயிறு

ஸ்டேண்ட்பையின் கடைசி நாள். அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத எண். மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார். எடுத்தேன்.

ஆற்றோரக் கட்டடம். அந்த நர்ஸ்.

“மாட்டிக்கிட்டெல்லாம் இல்ல தம்பி. கதவு மூடறப்ப கரகரங்குது. அவசரமில்ல.” பிறகு, “எடுக்கறீங்களான்னும் பார்த்தேன்.”

கோபப்படலாமா என்று யோசித்தேன். நேரமில்லை. கை கழுவிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனேன். கதவின் கீழ்த்தடத்தில் ஒரு சட்டைப் பொத்தான் சிக்கியிருந்தது. எடுத்தேன். தடத்தைத் துடைத்து, மேலும் கீழும் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தேன். சத்தமில்லை.

இன்னும் நாலு மாதச் சம்பளம் பாக்கி.

திரும்பும் வழியில் இன்னொரு தெரியாத எண். வேனை ஓரம் கட்டி எடுத்தேன். கார்டு ஆள். பதினைந்தாம் தேதி கட்டுகிறேன் என்றேன். கட்டுவேன்.