அடைத்துவிட்ட குறுக்குவழி

மாசி 11, ஞாயிறு

கோவில்பட்டி வந்து சேர ராத்திரி எட்டு மணி ஆகிவிட்டது. குளித்தும் கழுத்தில் அரிப்பு போகவில்லை. தூக்கமும் வரவில்லை.

கடலோரத் தேசியப் பூங்காவில் பாதை சீர்செய்யத் தன்னார்வலர்களாக இருபது பேர் போயிருந்தோம். மணல்மேட்டில் படர்ந்து மணலைப் பிடித்துவைக்கும் அடம்பங்கொடியை யாரும் மிதித்துவிடாமல் இருக்க, பழைய குறுக்குவழியை உடைமுள் போட்டு அடைத்தோம். புதுப்பாதை மேட்டைச் சுற்றிப் போகிறது. கடைசி முள்ளை நான்தான் இழுத்துப் போட்டேன். அப்போது கடல்பாசி மூட்டையைத் தலையில் சுமந்தபடி ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"வழிய அடைச்சிட்டியளே, நான் எங்கன போவேன்?" என்றார்.

"புதுப்பாதை போட்டிருக்கோம்க்கா, அது வழியாப் போங்க" என்றேன்.

"சுமையோட நீ ஒருதரம் சுத்தி வந்து பாரு தாயி." கோபமாகச் சொல்லவில்லை.

மூட்டையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். பாசித் தண்ணீர் கழுத்திலும் முதுகிலும் வழிந்தது. சுடுமணலில் மூன்று இடத்தில் நின்றுவிட்டேன். அவர் பின்னால் வந்தார். ரோட்டில் இறக்கி வைத்ததும் அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டு, "தெனமும் வரணும்லா" என்றார்.

எங்களை அழைத்துப்போன அண்ணாச்சியிடம் சொன்னேன். "கொடி தழைக்கணும்லாம்மா. எல்லாம் யோசிச்சுத்தான் போட்டிருக்கு" என்றார்.

கொடி தழைக்கத்தான் வேண்டும். ஆனால் யோசித்த நேரத்தில் யாரும் சுமையோடு நடந்து பார்க்கவில்லை. நானும்தான்.

நாளைக் காலை நான் தீப்பெட்டி ஆபீஸில் வேலையில் இருப்பேன். அவர் மூட்டையோடு அந்த முள்ளுக்கு முன்னால் வந்து நிற்பார்.