இரும்புக் கதவுக்கு முன்னால் கற்பூரம்

பலெர்மோ,
வெள்ளிக்கிழமை.

அன்பான அத்தானுக்கு,

அம்பிகை எழுதுகிறேன். நானும் கேசிகாவும் சுகம். லண்டனில் நீங்களும் சுகமாய் இருக்கப் பிள்ளையாரையும், மலைக்கோயிலில் இருக்கும் சாந்தா றொசாலியாவையும் கும்பிடுகிறேன். போன் எடுத்தால் வேலையில் நிற்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்கமுடியாது, அதனால் எழுதுகிறேன்.

கேசிகா நல்லாய்ப் படிக்கிறாள். பேச்சைத் தமிழில் தொடங்கி இத்தாலியனில் முடிக்கிறாள். அப்பா எப்போது வருவார் என்று முன்பு ஓயாமல் கேட்பாள். இப்போது கேட்பதில்லை. அதுதான் எனக்கு யோசனையாய் இருக்கிறது.

நீங்கள் போகும்போது வீட்டை விட்டுவிட்டு, ஒரேத்தோப் பக்கம் வாடகைக்கு எடுத்த சாமான் அறையில் எல்லாவற்றையும் பூட்டினோம் அல்லவா? எங்களை அங்கே கூப்பிடும்போது அவற்றையும் எடுப்பிக்கலாம், அதுவரை வாடகையை நானே கட்டுவேன் என்றீர்கள். கன மாதமாய்க் கட்டவில்லையாம். உங்கள் பெயருக்கு, நாங்கள் இப்போது இருக்கும் இந்த அல்பெர்கேரியா அறைக்குப் பதிவுத் தபால் வந்திருக்கிறது. வாடகை வராவிட்டால் சாமானைப் பிடித்து வைக்கவும், அறிவித்தல் தந்தபின் ஏலத்தில் விற்கவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறதாம். மார்ச்சில் வரும் சூசையப்பர் திருநாள் முடிந்ததும் ஏலம்.

தபால் வந்த அன்றிலிருந்து ஒரே கனவு. அந்த அறைக்குள் கடல் வந்து நிற்கிறது. அலுமாரி மெல்ல மிதக்கிறது. நீங்கள் எங்கள் பழைய மேசையில் இருந்து புட்டுச் சாப்பிடுகிறீர்கள். இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்கிறேன். நிமிர்ந்து பார்க்காமலே தலையாட்டுகிறீர்கள். விடிந்தபின்னும் என் காலில் ஈரம் இருப்பதுபோல் இருக்கும்.

இன்று வேலை முடிந்து அங்கே போனேன். எங்கள் பூட்டுக்கு மேலே அவர்களுடைய பூட்டு. இங்கே இடமில்லை என்று பெரிய பிள்ளையார் படத்தையும் உள்ளே வைத்தோமே, வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் இருட்டில் இருக்கிறாரே என்று மனம் கேட்கவில்லை. அந்த இரும்புக் கதவுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினேன். கட்டிடம் அதிரப் புகை அலாரம் அடித்தது. பொறுப்பாக இருப்பவர் தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடிவந்தார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டபடியே நின்றேனாம். நீங்கள் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

மனுஷன் ஏசவில்லை. அறை உங்கள் பெயரில் இருப்பதால் சட்டத்துக்கு என்னைத் தெரியாதாம். பத்திரங்களையும் குடும்பப் படங்களையும் ஏலத்தில் விற்கமாட்டார்களாம், ஆனால் நீங்கள் வந்து கையெழுத்து வைத்தால்தான் தருவார்களாம். பிறகு என் முகத்தைப் பார்த்து இளகிக் கதவைத் திறந்தார். ஒரேயொரு படம் எடுக்கலாம் என்றார். பிள்ளையாரைத் தூக்கினேன். இது யார் என்று கேட்டார்.

"எங்கட குடும்பத்தில மூத்தவர்" என்றேன்.

பக்கத்திலேயே எங்கள் கலியாண அல்பம் இருந்தது. தூசியைத் துடைத்துத் திரும்ப வைத்துவிட்டேன்.

பிள்ளையாரோடு பல்லறோச் சந்தைக்குள்ளால் வந்தேன். வியாபாரிகள் கூவுவது தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பதுபோல் இருந்தது. மீன் விற்கும் கிழவி சிலுவை போட்டுக்கொண்டு வழி விட்டாள். என் கையில் இன்னும் கற்பூர வாசம்.

அத்தான், சோபாவையும் அலுமாரியையும் யாரும் கொண்டுபோகட்டும். எனக்கு அவை வேண்டாம், நீங்கள்தான் வேண்டும். அல்பத்தை எடுக்க நீங்கள் வந்தாகவேண்டும் என்றுதான் அதை அங்கேயே விட்டுவந்தேன். சூசையப்பர் திருநாளுக்கு முன்னம் வாங்கோ. வர மனமில்லை என்றால் அதையாவது எழுதுங்கோ.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கோ. எங்கே இருந்தாலும் பிள்ளையார் உங்களைக் காப்பார்.

தாலி கட்டியபின் உங்கள் இடப்பக்கம் வந்து இருந்த,
அம்பிகை